மாரப்பன் எண்ணுகிறார்

"பதினேழு... பதினெட்டு... பத்தொம்போது..."

எண்ணும்போது மாரப்பன் மூச்சு விடுவதில்லை. பக்கத்தில் நிற்பவர்களையும் விட விடுவதில்லை. தலையைக் காக்கைபோல் ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, எதிரே இருக்கும் கணினித் திரையைக் கடைக்கண்ணால் பார்க்கிறார். திரை முழுக்கக் கறுப்பு. சற்று முன்பு அதன் நடுவில், கடுகில் பாதி அளவுக்கு, பச்சையும் நீலமும் கலந்த ஒரு புள்ளி இருந்தது. இப்போது இல்லை.

"இருவத்திமூணு... இருவத்திநாலு..."

சட்டென்று புள்ளி திரும்பி வந்தது. மாரப்பனின் நெஞ்சிலிருந்து ஒரு படி காற்று வெளியே வந்தது.

"வந்துட்டானுங்க," என்றார்.

வந்தவன் ஓர் அணு. பேரியம் என்ற உலோகத்தின் ஒரே ஓர் அணு, ஓர் எலக்ட்ரானைப் பறிகொடுத்தது. பறிகொடுத்தவனுக்கு அயனி என்று பெயர். அணுவைக் கண்ணால் பார்க்க முடியாது என்று பள்ளிக்கூடத்தில் எழுதி நான் இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதைத் திருப்பிக் கொடுக்கத் தயார். காற்றே இல்லாத ஓர் எஃகுப் பாத்திரத்துக்குள், நான்கு கம்பிகளுக்கு நடுவே, எதையும் தொடாமல் அது மிதக்கிறது. மின்சாரம்தான் கூண்டு. லேசரைப் பாய்ச்சினால் அதுவும் ஒளிர்கிறது. கேமரா அதைப் புள்ளியாகக் காட்டுகிறது.

ஆனால் இந்தப் பேரியத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். இருந்தாற்போல் தூங்கிப்போகும். எவ்வளவு வெளிச்சம் அடித்தாலும் திரும்பிப் பார்க்காது. சராசரியாக அரை நிமிடம். சில நாள் எண்பது எண்ணும் வரைகூட இழுக்கும். பிறகு தானே விழித்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், தூங்குகிற அயனியும் கூண்டை விட்டு ஓடிப்போன அயனியும் திரையில் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். அந்த அரை நிமிடம் மாரப்பனுக்குச் சொந்தம். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை அவர் இப்படிப் பாதி உயிர் போய்ப் பாதி உயிர் வருகிறார்.

ஊட்டியிலிருந்து மஞ்சூர் போகும் வழியில், தேயிலைக்கு நடுவே, பெயர்ப்பலகையில் பாசி பிடித்த ஒரு ஆராய்ச்சிக் கூடம். பெயர் வேண்டாம். ஏன் மலைமேல் கட்டினீர்கள் என்றால் குளிர், அமைதி, அதிர்வு இல்லாத பாறை என்கிறார்கள். மே மாதத்தில் மட்டும் தணிக்கைக்கு வரும் அதிகாரிகளின் கூட்டத்தைப் பார்த்தால் நான்காவதாக ஒரு காரணமும் இருக்கலாம். அங்கே பதினோரு வருடமாக மாரப்பன் டெக்னீசியன். வயது ஐம்பத்து மூன்று. அதற்கு முன்பு கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் எலக்ட்ரீசியன். கரும்பச்சை ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, கழுத்தில் தொடங்கி ஸ்வெட்டருக்குள் இறங்கி மறைந்துவிடும் ஒரு கறுப்புக் கயிறு. அதன் நுனியில் தாயத்து இருப்பதாக ஊகம். யாரும் பார்த்ததில்லை.

மாரப்பன் பயப்படாத பொருளை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இடிக்குப் பயம். காட்டெருமைக்குப் பயம், அது நம்மை முட்டும் என்பதற்காக அல்ல, கூடத்தின் சுவரில் முதுகைத் தேய்த்து லேசர் மேசையை அதிரவைக்கும் என்பதற்காக. ஊசிக்குப் பயம். மஞ்சூர் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு வந்தால் சீட்டை விட்டு எழுந்து நின்றுகொள்வார். "விழுந்தா நின்னுட்டே விழுந்துக்கலாமுங்க" என்பது அவர் கட்சி. பையில் எப்போதும் இரண்டு டார்ச். ஒன்று எரியாமல் போனால் இன்னொன்று; அதுவும் எரியாவிட்டால் என்ன செய்வது என்ற யோசனையில் மூன்றாவது வாங்கிவிடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தப் பயத்துக்காகத்தான் அவருக்கு வேலையே கிடைத்தது. நேர்காணலில், மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று கூடத்தின் தலைவி முனைவர் உமாமகேஸ்வரி கேட்டிருக்கிறார். ஜெனரேட்டர் போடுவேன் என்றார் ஒருவர். பேட்டரிக்கு மாற்றுவேன் என்றார் இன்னொருவர். மாரப்பன் வெளிறிப்போய், "எப்பங்க மேடம் போகும்?" என்று கேட்டாராம். அன்றைக்கே உத்தரவு.

அயனியை அவர் மாப்பிள்ளை என்கிறார். யோசித்தால் அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. சத்தம் கூடாது, சூடு கூடாது, வெளிச்சம் அவர் கேட்ட நிறத்தில் மட்டும், தூங்கினால் எழுப்பக் கூடாது, கோபித்துக்கொண்டு போனால் திரும்பக் கூப்பிட முடியாது. வீடு மொத்தமும் நுனிக்காலில் நிற்கிறது. அவரோ ஒன்றும் செய்யாமல் நடுவில் மிதக்கிறார்.

பத்திரிகைக்கு எழுத வந்தவன் என்பதால், இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். உமாமகேஸ்வரி பத்து நிமிடம் விளக்கினார். ஓர் அணு எந்த நிறத்தை ஏற்கும், எதை மறுக்கும் என்று பல இலக்கம் வரை துல்லியமாக அளந்தால், இயற்கையின் விதிகளில் எங்காவது விரிசல் இருக்கிறதா என்று பார்க்கலாமாம். நான் மேலும் கீழும் தலையாட்டினேன். அவர் போனதும் மாரப்பன் என் காதருகே வந்தார்.

"ஒண்ணுமில்லீங்க. மாப்பிள்ளைக்கு என்ன கலர் சட்டை புடிக்கும்னு பாக்கறாங்க."

புள்ளி மறைந்து இருநூறு எண்ணியும் வராவிட்டால் ஓடிப்போனான் என்று முடிவு. அப்போது கூண்டின் மின்சாரத்தை நிறுத்தித் துடைத்துவிட்டு, புதியவனைப் பிடிக்க வேண்டும். அதற்கென்று ஒரு சுவிட்ச் மாரப்பனின் வலக்கைப் பக்கம் இருக்கிறது. யாருடைய முழங்கையும் பட்டுவிடக் கூடாதென்று அதன்மேல் ஒரு சோப்பு டப்பா மூடியைக் கீல் வைத்துப் பொருத்தியிருக்கிறார். திறந்தால் 'டொக்' என்னும். அணுக்களெல்லாம் ஒன்றுபோல்தானே, ஒருவன் போனால் இன்னொருவன் என்று நினைக்கலாம். அப்படியில்லை. புதியவனைப் பிடிப்பது ஒரு சின்ன வெடிச்சம்பவம். வேறொரு லேசர், விட்டுவிட்டுத் துடிக்கிற வகை, பேரியத் துண்டின்மேல் பாயும், அணுக்கள் தெறிக்கும், ஒன்று கூண்டில் விழும், மிச்சமெல்லாம் கம்பிகளில் ஒட்டிக் கூண்டையே கெடுக்கும். மறுபடி எல்லாவற்றையும் ஒரு நிலைக்குக் கொண்டுவர ஒரு மாதம். ஆகவே நான் போனபோது இருந்த மாப்பிள்ளைக்கு ஏக மரியாதை. வந்து முப்பத்தைந்து நாள். இன்னும் ஆறு நாள் தங்கினால் அளவு முடிந்தது.

கூடத்தின் வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் தட்டு. உள்ளே போகிறவர்கள் மோதிரம், வளையல், கடிகாரம், சங்கிலி எல்லாவற்றையும் அதில் கழற்றிப் போட வேண்டும். "லேசரு பளபளன்னு இருக்கறதுல பட்டா எங்க திரும்பும்னு அதுக்கே தெரியாதுங்க," என்று மாரப்பன் சொல்லும்போது கேட்பவர் கை தானாக மோதிரத்துக்குப் போகும். ஒரு மே மாதம், சனிப்பெயர்ச்சிக்காக நீலக்கல் மோதிரம் போட்ட அதிகாரி ஒருவர் வந்தார். மோதிரம் விரலை விட்டு வரவில்லை. சோப்பு போட்டார்கள், எண்ணெய் போட்டார்கள். "நான் யாருன்னு தெரியுமா?" என்றார் அதிகாரி. "தெரியுமுங்க. லேசருக்குத் தெரியாதுங்க," என்றார் மாரப்பன். அதிகாரி வாசலிலேயே டீ குடித்துவிட்டு மலை இறங்கினார். தட்டுக்கு மேலே சுவரில் பாதுகாப்பு விதிகளை ஒட்டியிருப்பதும் மாரப்பன்தான். ஏழாவது விதி: கண்ணில் லேசர் பட்டால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

அந்த ஏழாவது விதியைப் பற்றித்தான் அவர் பஸ்ஸில் என்னிடம் சொன்னார்.

மாலை நான்கரை மணி. சாலையை மஞ்சு வெள்ளைப் பனியாக மூடிக்கொண்டிருந்தது. மஞ்சூர் என்று முழ நீளத்துக்கு எழுதிய பஸ் எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. மாரப்பன் தலையைச் சாய்த்தார், நிமிர்த்தினார், மறுபடி சாய்த்தார்.

"ஏனுங்க, இது மஞ்சூருதானுங்களா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முதல் கொண்டை ஊசியில் எழுந்து நின்றபடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்சீட்டின் முதுகைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். இடது கண் பிறந்ததிலிருந்தே மங்கல். பஸ் தெரியும், பலகை தெரியாது. இத்தனை காலம் குடும்பம் நடத்தியது வலது கண். மாப்பிள்ளையைப் பிடித்த அன்று காலை, துடிக்கிற லேசரின் பாதையைச் சரிசெய்யப் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தாராம். அந்தக் கண்ணாடியைப் போட்டால் லேசரின் வெளிச்சம் தெரியாது. தெரியாததை எப்படிச் சரிசெய்வது? ஆகவே அந்த வேலை செய்கிற எல்லோரும் ஐந்து நிமிடத்துக்கு அதை ஏற்றிவிடுவார்கள். விதியை எழுதி ஒட்டியவர் உட்பட.

"போட்டோ புடிச்ச மாதிரி ஒரு வெளிச்சமுங்க. வலி இல்லீங்க. சத்தம் இல்லீங்க. அதுதானுங்க பயமாப் போச்சு. அந்தப் பக்கம் திரையில மாப்பிள்ளை வந்துட்டான்னு எல்லாரும் கைதட்டறாங்க. நானும் தட்டுனேனுங்க."

"எதில் பட்டு உங்கள் கண்ணுக்கு வந்தது?" என்றேன்.

அவர் அடுத்த வளைவு வந்ததுபோல் கம்பியை இறுக்கிப் பிடித்தார். வளைவு வரவில்லை.

அன்றிலிருந்து அவர் எதை நேராகப் பார்த்தாலும் அது இருப்பதில்லை. அதைச் சுற்றி எல்லாம் இருக்கும். "இப்ப உங்களைப் பாக்கறனுங்க. காது ரெண்டும் இருக்குதுங்க. மூக்கு இல்லீங்க." நான் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வீட்டில் மனைவி கண்ணம்மாவைப் பார்த்தால் இரண்டு தோடுகள் மட்டும் பேசுகின்றனவாம். காலையில் எழுந்ததும் முதல் வேலை, சமையலறைக் காலண்டருக்கு எதிரே அதே இடத்தில் நின்று இடது கண்ணைப் பொத்திக்கொள்வது. முதல் வாரம் பதினைந்தைப் பார்த்தால் பதினைந்து மட்டும்தான் இல்லை. அடுத்த வாரம் பதினாலில் பாதியும் பதினாறில் பாதியும் போயின. நான் கேட்ட அன்றைக்குப் பதினாலு, பதினைந்து, பதினாறு மூன்றுமே இல்லை.

"ஓட்டை பெருசாகுதுங்க," என்றார் மெதுவாக. "உள்ள யாரோ ஒக்காந்து தின்னுட்டே இருக்கற மாதிரிங்க."

"வீட்டில் சொன்னீர்களா?"

"கண்ணம்மா கேட்டாளுங்க, ஏனுங்க தெனமும் காலண்டரு முன்னால நின்னு சல்யூட் அடிக்கறீங்கன்னு. நல்ல நாளு பாக்கறேன்னு சொல்லிப்போட்டனுங்க."

டாக்டர் என்றேன். ஊசி என்றார். கண்ணிலேயே போடுவார்களாமே என்றார். அந்தச் சொல்லை முடிக்கும்போது வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டார். ஆனால் ஊசி மட்டும் காரணமில்லை. சொன்னால் விசாரணை வரும். கூடத்தைப் பூட்டுவார்கள். லேசர் நிற்கும். மேடத்தின் மூன்று வருட உழைப்பு, ஆறு நாள் பாக்கியில், இவரால் போகும். மாரப்பனையும் கேட் பக்கம் ஸ்டூல் போட்டு உட்காரவைப்பார்கள். "கேட்டுல வர்ற வண்டி நம்பர் எழுதோணுமுங்க," என்று சொல்லிவிட்டு, அதற்கும் கண் வேண்டும் என்பது உறைத்து நிறுத்திக்கொண்டார்.

"ஆறு நாளுங்க. மாப்பிள்ளையை நல்லபடியா அனுப்பிச்சுப் போட்டுப் போயிடறனுங்க. நீங்க மட்டும்..."

நான் மட்டும் வாயை மூடிக்கொண்டேன். பத்திரிகைக்காரன் வாயை மூடிக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் தெரிந்தது. (பிறகு இதை எழுதலாமா என்று கேட்டபோது, பேரை மாத்திப் போடுங்க என்றார். மாற்றிவிட்டேன். நீலகிரியில் உள்ள நிஜ மாரப்பன்கள் காலண்டருக்கு எதிரே நின்று சரிபார்த்துக்கொள்ளட்டும், செலவில்லாத சோதனை.)

அடுத்தடுத்த நாட்களில் அவர் பார்க்கிற விதத்தைக் கவனித்தேன். புள்ளியை நேராகப் பார்த்தால் அவருக்குப் புள்ளி இல்லை. ஆகவே புள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ஒன்றுமில்லாத கறுப்பைப் பார்ப்பார். அப்போது ஓரத்தில் மாப்பிள்ளை மின்னுவான். காக்கைச் சாய்வின் ரகசியம் இதுதான். உமாமகேஸ்வரி உள்ளே வந்தால் திரைக்கு முன்னாலிருந்து எழுந்து, பாத்திரத்துக் காற்றை உறிஞ்சும் பம்புப் பக்கம் போய் எதையாவது முடுக்குவார். முடுக்கி முடுக்கி அந்தப் பக்கத்து மரைகளெல்லாம் இனி வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

முப்பத்தெட்டாம் நாள் மதியம் அவரால் எழுந்து போக முடியவில்லை.

வெளியே மஞ்சு ஜன்னல் வரை வந்து நின்றிருந்தது. உள்ளே வழக்கம்போல் இருட்டு, பம்பின் முனகல். உமாமகேஸ்வரி உள்ளே வந்தார். எழப்போன மாரப்பனைத் தோளில் தட்டி உட்காரவைத்தார்.

"நீங்க திரையைப் பாருங்க மாரப்பண்ணா. நான் நேத்தைய ரீடிங்கெல்லாம் நோட்டுல ஏத்திடறேன்."

திரைக்கு முதுகைக் காட்டி, பக்கத்து மேசையில் சின்ன விளக்கைப் போட்டு உட்கார்ந்தார். மாரப்பனுக்கும் அவருக்கும் ஒரு கை தூரம். திரும்பினால் முகம் தெரியும். மாரப்பன் கழுத்தை நேராக வைத்துக்கொண்டார், பரீட்சைக்குப் போட்டோ எடுக்கிறவரைப்போல.

புள்ளி அணைந்தது.

அதை அவர் பார்க்கவில்லை, கேட்டார். ஒளி குறைந்தால் ஒலிக்கும் சின்ன மணி ஒன்று அங்கே உண்டு. மாப்பிள்ளை தூங்கும்போது அது கிணுங்கும். விழிக்கும்போது ஒன்றும் சொல்லாது.

"ஒண்ணு... ரெண்டு..."

நானும் மனதுக்குள் எண்ணினேன். இருபது. முப்பது. முப்பத்தாறில் புள்ளி வந்துவிட்டது. திரையின் நடுவில், நன்றாக, அழுத்தமாக.

"முப்பத்தேழு... முப்பத்தெட்டு..." என்றார் மாரப்பன்.

சாயுங்கள், கொஞ்சம் தலையைச் சாயுங்கள் என்று நான் மனதுக்குள் கத்தினேன். சொன்னால் கேட்டுவிடும். ஒரு கை தூரத்தில் பேனா தாளில் ஓடிக்கொண்டிருந்தது. இருமலாமா என்று யோசித்தேன். எதற்கு இருமினேன் என்று உமாமகேஸ்வரி திரும்பினால்? பயம் தொற்றுநோய் என்று நான் ஒரு கட்டுரையில் நையாண்டியாக எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டுரையையும் வாபஸ் வாங்குகிறேன்.

எழுபது. எண்பது. நூறைத் தாண்டியபோது அவர் நெற்றியில் வேர்வை முளைத்தது. வெளியே பத்து டிகிரி. உதடுகளும் எண்களும் மட்டும் நகர்ந்தன. அவர் முறைத்துப் பார்த்த இடத்தில் மாப்பிள்ளை சுகமாக உட்கார்ந்திருந்தான். அவர் பார்க்கப் பார்க்க அந்தப் பார்வைதான் அவனைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"நூத்தியறுவது..."

கை நகர ஆரம்பித்தது. விதி அவருடையது, இருநூறு என்றால் இருநூறு.

"நூத்தித்தொண்ணூத்தஞ்சு..."

டொக். சோப்பு டப்பா மூடி திறந்தது.

பேனா நின்றது. உமாமகேஸ்வரி திரும்பினார். முதலில் திரையைப் பார்த்தார். புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பிறகு சுவிட்சின்மேல் இருந்த விரலைப் பார்த்தார். பிறகு மாரப்பனின் முகத்தை. அவர் கண்களிலிருந்து நீர் வழிந்து மோவாயில் தொங்கியது. புள்ளியைவிடச் சற்றே பெரிய சொட்டு.

"எது வரைக்கும் எண்ணுவீங்க?"

"போயிட்டானுங்க மேடம். வரலீங்க."

"வந்து ரொம்ப நேரமாச்சுங்களே."

அப்போதுதான் மாரப்பன் தலையைச் சாய்த்தார். கழுத்து ஒரு விரற்கடை நகர்ந்தது. முகம் முழுக்க மாறியது. சுவிட்சிலிருந்து விரலை நெருப்பிலிருந்து எடுப்பதுபோல் எடுத்தார். அந்தச் சாய்வை உமாமகேஸ்வரி கண் இமைக்காமல் பார்த்தார். லேசர் கூடத்தில் இருபது வருடம் இருந்தவருக்கு அதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எத்தனை நாளா?"

"இவன் வந்த அன்னிலிருந்துங்க."

உமாமகேஸ்வரி எழுந்துபோய் லேசரின் சாவியைத் திருப்பினார். திரை கறுத்தது. மணி கிணுங்கியது. கார் சாவிக்காக ஒரே இழுப்பறையை மூன்று முறை திறந்து பார்த்தார். பயப்படுகிறவர் அந்தக் கூடத்தில் ஒருவர்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"கோயமுத்தூர் போறோம். இப்பவே. ஸ்வெட்டரைப் போட்டுட்டு வாங்க" என்றார், ஸ்வெட்டர் போட்டிருந்தவரிடம்.

"மேடம், கூண்டு கரண்டை மட்டும் நிறுத்தாதீங்க. வெளிச்சம் இல்லாட்டியும் கொஞ்ச நேரம் உள்ளாற இருப்பானுங்க."

"இருக்கட்டும்."

"மூணு நாளுதானுங்க மேடம் பாக்கி..."

"மாரப்பண்ணா." அவர் வாசலில் நின்றார். குரல் உயரவில்லை. "அந்த மேசையை நான்தான் பாத்துப் பாத்துப் போட்டேன். பளபளன்னு ஒரு ஆணிகூடக் கிடையாது. கையில மோதிரம் இல்லை, வாச் இல்லை. எதுல பட்டுத் திரும்புச்சு?"

பம்பு முனகிக்கொண்டிருந்தது. மாரப்பன் குல்லாவைக் கழற்றினார். வாசலுக்கு நடந்தார், நிலைப்படி எங்கே என்று காலால் தேடிக்கொண்டு. ஏழாவது விதிக்குக் கீழே நின்று, ஸ்வெட்டரின் கழுத்துக்குள் கைவிட்டுக் கறுப்புக் கயிற்றை இழுத்தார். பதினோரு வருடம் நெஞ்சில் உரசி உரசிக் கண்ணாடியாகிப் போன ஒரு வெள்ளித் தகடு, குனிந்தால் வெளியே விழுகிற நீளத்தில், நுனியில் ஆடியது. அதைத் தலைவழியே கழற்றி, நீலத் தட்டில், எங்கள் கடிகாரங்களுக்குப் பக்கத்தில், சத்தம் வராமல் வைத்தார்.